முன்பணத்தால் ஆளைக் கட்டிய ஒரு வினைச்சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பழைய ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும் வேலை இப்போது நம்மிடையே கூடியிருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் செய்கிறார்கள், உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் தங்கள் ஒப்படைகளுக்காகச் செய்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு சொல்லில் மட்டும் பலரும் வழுக்குகிறார்கள். 'பிரெஸ் கேங்' என்பதை 'அச்சுக் கும்பல்' என்றும், 'பிரெஸ்ட் மணி' என்பதை 'அழுத்தப்பட்ட பணம்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலேயரே நானூறு வருடங்களுக்கு முன் இதே படியில்தான் கால் தடுக்கினார்கள். அந்தத் தடுக்கலை விளங்கிக்கொண்டால் நம் தோட்டக் கணக்குப் புத்தகங்களில் வரும் பல வரிகளும் விளங்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சொல்லும் வினைச்சொல் 'பிரெஸ்ட்'. எழுத்துக்கூட்டினால் பீ, ஆர், ஈ, எஸ், டீ. கடைசி எழுத்து டீ என்பதைக் கவனிக்கவேண்டும். அச்சகத்துக்கும் பத்திரிகைக்கும் சொல்லும் 'பிரெஸ்' இரண்டு எஸ்ஸில் முடியும். அது வேறு சொல். பிரெஸ்ட் என்ற வினை இன்று ஆங்கிலத்தில் யார் வாயிலும் இல்லை. பெரிய அகராதிகள் அதை வழக்கொழிந்தது என்று குறித்து வைத்திருக்கின்றன. அதன் முதல் பொருள் கடனாகக் கொடுத்தல், முன்கூட்டிக் கொடுத்தல். அதிலிருந்து வந்த இரண்டாவது பொருள், கையில் முன்பணம் கொடுத்து ஒருவரைப் படைக்கோ கப்பலுக்கோ எழுதிக்கொள்ளுதல். நம் பேச்சில் அச்சாரம் கொடுத்து ஆளைப் பேசி முடிப்பது என்போமே, அதேதான்.

அதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'பிரே' என்றால் முன். 'ஸ்தாரே' என்றால் நிற்றல். இரண்டும் சேர்ந்த 'பிரெஸ்தாரே' என்ற வினைக்கு முன்நிற்றல், பொறுப்பேற்றல், கொடுத்து உதவுதல் என்று பொருள் விரிந்தது. இதை அந்நியமாக நினைக்கத் தேவையில்லை. கடன் வாங்குகிறவருக்காக இன்னொருவர் பிணை 'நிற்கிறார்' என்றுதான் நாமும் சொல்கிறோம். பணப் பொறுப்பை நிற்றல் என்ற சொல்லால் குறிப்பது இரண்டு மொழிக்கும் பொது. லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போனபோது அது 'பிரெஸ்தெர்' ஆகி, கடன் கொடுத்தல் என்ற பொருளில் நிலைத்தது. இன்றைய பிரெஞ்சில் நடுவிலுள்ள எஸ் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தைக் காட்ட ஈ எழுத்தின் தலையில் கூரை போல ஒரு குறி போடுவார்கள். ஹொஸ்பிட்டல் என்பதன் பிரெஞ்சு வடிவத்தில் ஓ எழுத்தின் மேல் அதே கூரையைக் காணலாம். அங்கேயும் விழுந்தது எஸ்தான். ஆங்கிலமோ எஸ் விழுவதற்கு முன்பே சொல்லை வாங்கிவிட்டதால் பிரெஸ்ட் என்று முழுதாகவே வைத்துக்கொண்டது.

இதே உருவத்தில் 'ஆயத்தமாக உள்ள' என்ற பொருளுடைய ஓர் உரிச்சொல்லும் பழைய ஆங்கிலத்தில் புழங்கியது. அதுவும் வழக்கொழிந்துவிட்டது. அதன் இத்தாலிய உறவு 'பிரெஸ்தோ' மட்டும் மேற்கத்திய இசையில் விரைவு நடையைக் குறிக்க இன்றும் நிற்கிறது. மந்திர வித்தைக்காரரின் வாயிலும் அதைக் கேட்கலாம்.

இனி அந்தப் பணம் எப்படிக் கைமாறியது என்று பார்க்கவேண்டும், ஏனென்றால் சொல்லின் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அரசருக்கு ஆள் தேவைப்படும்போது, ஆள் சேர்க்கும் அதிகாரியிடம் கருவூலம் ஒரு தொகையைக் கொடுக்கும். அது அவருடைய பணம் ஆகாது. செலவுக்குக் கணக்குக் காட்டி முடிக்கும்வரை அவர் பேரில் நிற்கும் பற்று. அந்தத் தொகையின் பெயர் 'இம்பிரெஸ்ட்'. அதிலிருந்து அவர் சேர்க்கும் ஒவ்வொருவர் கையிலும் சிறு காசு வைப்பார். அந்தக் காசின் பெயர்தான் பிரெஸ்ட் மணி. காசு வாங்கியவர் பெயர் பட்டியலில் ஏறும். ஊரிலிருந்து படை கூடும் இடத்துக்கு நடந்து போவதற்குத் தூரக் கணக்கில் வழிச்செலவும் உண்டு. இப்படிச் சேர்ந்தவரைப் 'பிரெஸ்ட் மேன்' என்றார்கள். முன்பணம் பெற்றவர் என்பதே அதன் நேர்ப்பொருள். அமுக்கப்பட்டவர் என்று அதற்கு அப்போது பொருளே இல்லை.

காசு சிறிது, கட்டு பெரிது. பிற்காலத்தில் அரசரின் ஷில்லிங் என்று பேர்பெற்றதும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சியே. ஒரு ஷில்லிங்கைக் கை நீட்டி வாங்கினால் சம்மதித்ததாகக் கொள்ளப்பட்டது. நீதவான் முன் உறுதி எடுப்பதற்குள் மனம் மாறிப் பின்வாங்க விரும்பினால், வாங்கிய ஷில்லிங்கைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் 20 ஷில்லிங் தண்டமும் கட்டவேண்டும். ஒன்றை வாங்கியவர் இருபத்தொன்று கொடுத்தால்தான் வெளியேறலாம். கையில் காசில்லாததால்தான் அந்த ஒன்றை அவர் வாங்கினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது தடுக்கிய இடத்துக்கு வருவோம். பழைய ஆங்கில எழுத்துமுறையில் இறந்தகால விகுதியை ஒலித்தபடியே டீ போட்டு எழுதுவது வழக்கம். 'பிளெஸ்' என்பதன் இறந்தகாலம் 'பிளெஸ்ட்', 'டிரெஸ்' என்பதன் இறந்தகாலம் 'டிரெஸ்ட்'. அந்தக் கணக்கில் அமுக்குதல் என்ற 'பிரெஸ்' வினையின் இறந்தகாலமும் 'பிரெஸ்ட்' என்றே எழுதப்பட்டது. முன்பணம் என்ற பிரெஸ்ட்டும் அமுக்கப்பட்ட என்ற பிரெஸ்ட்டும் தாளில் ஒரே உருவம், வாயில் ஒரே ஓசை. கேட்டவர்கள் 'பிரெஸ்ட் மேன்' என்றால் பிடித்து அமுக்கிக் கொண்டுபோகப்பட்டவர் என்று எண்ணத் தொடங்கினார்கள். அந்த எண்ணத்திலிருந்து பின்னோக்கிப் போய் டீயை விகுதி என்று கழற்றிவிட்டு, கட்டாயமாகப் படையில் சேர்த்தல் என்ற பொருளில் 'பிரெஸ்' என்று புதிய வினையை உண்டாக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் புதிய வினை எழுத்தில் வந்துவிட்டது.

அந்தப் பிழை நிலைத்ததற்குக் காது மட்டும் காரணமில்லை. நடப்பும் அதற்கு ஏற்றபடி மாறியிருந்தது. முன்பணம் என்பது பெயருக்கு நின்று, துறைமுகத் தெருக்களில் தடியோடு திரிந்த கூட்டம் மாலுமிகளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றியது. அந்தக் கூட்டம்தான் பிரெஸ் கேங். அமெரிக்கக் கப்பல்களில் ஏறியும் அவர்கள் ஆள் பிடித்தார்கள். 1812இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் மூண்ட போருக்கு அது ஒரு காரணம். நெப்போலியனுடனான போர்கள் 1815இல் முடிந்தபின் அந்த முறை கைவிடப்பட்டது. காசு கொடுத்தலைச் சொன்ன வினை கட்டாயப்படுத்தலைச் சொல்லும் வினைக்குள் கரைந்து மறைந்தது. ஒரு எழுத்து உதிர்ந்ததில் சம்மதம் என்ற பொருளும் சேர்ந்து உதிர்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

ஆவணத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை எந்தப் பிரெஸ்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்து வரும் சொல்லைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பணம், தொகை, சம்பளம் என்று ஏதாவது வந்தால் முன்பணம். ஆட்கள், மாலுமிகள், படைவீரர் என்று வந்தால் முன்பணம் கொடுத்துச் சேர்த்தல். ஆனால் 17ஆம் நூற்றாண்டுக்குப் பிந்திய ஆவணமானால் கட்டாயச் சேர்ப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒருவர் ஏதோ செய்யப் பிரெஸ்ட்டாக இருக்கிறார் என்று வந்தால் ஆயத்தம். துணி, திராட்சை, பாலாடைக்கட்டி என்று பொருள்கள் வந்தால்தான் அமுக்குதல். 'இம்பிரெஸ்' என்ற வினையிலும் இதே சிக்கல் உண்டு. மனதில் பதித்தல் என்ற இம்பிரெஸ் அமுக்குதல் குடும்பம். மாலுமியைப் பிடித்தல் என்ற இம்பிரெஸ்ஸின் அடியில் கிடப்பது முன்பணக் குடும்பம். தற்கால அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டினால் "மாலுமிகள் கவரப்பட்டார்கள்" என்ற மாதிரி வாக்கியம் வந்து நிற்கும்.

வினை செத்தாலும் அதன் பிள்ளை நம் அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்தில் அரசுப் பணத்தை முன்பணமாகப் பெற்றவர்களின் கணக்கைப் பார்க்க 'இம்பிரெஸ்ட் கணக்காய்வாளர்' என்றே பதவி இருந்து, 1785இல் நீக்கப்பட்டது. பதவி போனாலும் சொல் ஆட்சியோடு கப்பலேறி இலங்கை வந்தது. பிரதேச செயலகத்திலும் கல்வித் திணைக்களத்திலும் 'கட்டுநிதி' என்று எழுதுகிறோமே, அது இம்பிரெஸ்ட்டின் தமிழ். அந்தத் தமிழைத் தந்தவர் யாராயினும் வணங்கத்தக்கவர். கட்டு என்ற ஒரு சொல்லில் நிலையான தொகை என்பதும் வருகிறது, பெற்றவரைக் கணக்குக்குள் கட்டி வைப்பது என்பதும் வருகிறது.

கணக்கீடு படிக்கும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து குழம்புகிறார்கள். வேர்ப்பொருள் தெரிந்தால் குழப்பமே இல்லை. சில்லறைச் செலவுக்கு 10,000 ரூபா கட்டுநிதி என்று வைப்போம். மாதத்தில் தபாலுக்கு 1,150, எழுதுபொருளுக்கு 3,400, போக்குவரத்துக்கு 2,800, மொத்தம் 7,350 ரூபா செலவு. பெட்டியில் 2,650 இருக்கவேண்டும். மீள்நிரப்பும்போது கொடுக்கவேண்டியது சரியாக 7,350, ஒரு சதம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. எந்த நாளில் பெட்டியைத் திறந்தாலும் காசும் பற்றுச்சீட்டும் சேர்ந்து 10,000 வரவேண்டும். பிழை வழக்கமாக இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, முழுத்தொகையாக இருக்கட்டும் என்று 7,500 கொடுத்துவிடுவது. அந்த 150 ரூபா அடுத்த மாதக் கணக்கைப் புரட்டிப்போடும். மற்றது, யாரோ அவசரத்துக்கு 500 ரூபா எடுத்துவிட்டு ஒரு தாளில் பெயர் எழுதிப் பெட்டிக்குள் போடுவது. அது செலவுச் சீட்டல்ல, கடன் சீட்டு. கட்டுநிதி பெற்றவர் பேரிலேயே அந்த 500 நிற்கும். பிரெஸ்ட் என்ற பழைய வினையின் சட்டம் இதுவே: பணம் யார் கைக்குப் போனாலும், கணக்குத் தீரும்வரை பெற்றவர் கட்டுண்டவர்.

இந்தச் சட்டம் நம் மலைகளில் பணத்தோடு நிற்கவில்லை. ஆட்களின் மேலும் ஏறியது. தென்னிந்தியாவுக்குப் போய் ஆள் கூட்டிவர, ஆள் திரட்டி மேற்பார்க்கும் தலைவரான கங்காணிக்குத் தோட்டம் கொடுத்த பணத்தைத் துரைமார், அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளையர், 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்றார்கள். கோஸ்ட் என்றால் இங்கே அக்கரை, அதாவது தமிழகம். இதை வெறும் 'கடற்கரை முன்பணம்' என்று தமிழாக்குவதும் நான் பார்த்த பிழைகளில் ஒன்று. தோட்டம் கங்காணிக்குக் கொடுப்பது இம்பிரெஸ்ட். கங்காணி ஊரில் குடும்பத்துக்குக் கொடுப்பது பிரெஸ்ட். வழிச்சோறு, படகுக்கூலி, கம்பளி எல்லாம் ஆளின் பேரில் எழுதப்பட்டன. பழைய ஆங்கிலப் படைக்கணக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கட்டமைப்பு ஒன்றுபோலவே இருக்கும்.

சட்டமும் அப்படியே பேசியது. 1889இன் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பெயர் செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில் பதிந்து, அவர் தோட்டத்திடம் அரிசியோ காசோ முன்பணமாகப் பெற்றிருந்தால், மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தவராகவே கருதப்பட்டார். கையெழுத்துத் தேவையில்லை, வாய்ச்சொல்லும் தேவையில்லை. அரிசி வாங்கினால் போதும், ஷில்லிங் வாங்கினதுபோல. முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால், 1865இன் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது சிறைக்குப் போகும் குற்றம்.

பிறகு வந்தது துண்டு. கங்காணிக்கும் அவர் ஆட்களுக்கும் உள்ள கடனை யாராவது கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. அந்தச் சீட்டோடு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போய்ப் பேரம் பேசலாம். எடுத்துக்காட்டாக, 20 பேர் கொண்ட கூட்டத்துக்குத் தலைக்கு 50 ரூபா வீதம் 1,000 ரூபா கடன் என்று வைத்துக்கொள்வோம். புதிய தோட்டம் தலைக்கு 60 தருகிறது என்றால் 1,200. அதில் 1,000 பழைய தோட்டத்துக்கு. மீதி 200 கங்காணி கையில். கூட்டத்தின் கடன் இப்போது 1,200. இன்னொரு முறை மாறித் தலைக்கு 75 பேசினால் கடன் 1,500, கங்காணி கையில் மேலும் 300. கொழுந்து பறித்தவர் கைக்கு ஒரு சதமும் வராமலே, இரண்டு நடையில் அவர் தலைமேலிருந்த கடன் 50இலிருந்து 75 ஆகிவிட்டது. கணக்குப் புத்தகத்தை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை. படைக்குச் சேர்ந்தவராவது தான் வாங்கிய ஒரு ஷில்லிங்கை அறிவார்.

துரைமாரின் கடிதங்களில் இந்த இடத்தில் 'கிரிம்ப்' என்ற வேறொரு வினை வரும். மின்கம்பி முனையை நெரிக்கும் கருவிக்கும் தலைமயிரைச் சுருளாக்குவதற்கும் சொல்லும் கிரிம்ப்பை வைத்து இதையும் சுருக்குதல் என்று எழுதிவிடக்கூடாது. மாலுமிகளையும் படைக்கு ஆட்களையும் ஏய்த்துப் பிடித்துக் கொடுப்பதைக் குறித்த பழைய வழக்கு அது; 1794இல் லண்டனில் ஆள்பிடிக்கும் வீடுகளை மக்கள் தாக்கிய கலவரத்துக்கே அந்தப் பெயர்தான். தோட்ட ஆவணங்களில் அதற்கு, அடுத்த தோட்டத்து ஆட்களைக் கலைத்து இழுத்தல் என்று பொருள். யார் எழுதுகிறார் என்பதையும் பார்க்கவேண்டும். கூடுதல் கூலிக்கோ நல்ல லயத்துக்கோ தானாகவே இடம் மாறிய குடும்பத்தையும் இழந்த துரை 'கிரிம்ப்' செய்யப்பட்டவர்கள் என்றே எழுதியிருப்பார். அந்த வினையில் தொழிலாளி எழுவாயாக வரமாட்டார், செயப்படுபொருளாகவே வருவார். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே உண்மை என்று எடுத்து எழுதினால் நம் முன்னோரின் சொந்த முடிவுகள் காணாமற்போகும். மேற்கோள் குறிக்குள் வைத்து, "கலைத்து இழுக்கப்பட்டதாகத் துரை குறிப்பிடும்" என்று எழுதுவதே நேர்மை.

துண்டு முறையை 1921இன் 43ஆம் இலக்கச் சட்டம் ஒழித்தது. இன்று நம்மவர் வாங்கும் தீபாவளி முற்பணத்தையும் அந்த முன்பணத்தையும் ஒன்றாக எழுதுவது இன்னொரு குழப்பம். முற்பணம் தவணை தவணையாகச் சம்பளத்தில் கழியும். கழியாமல் நின்றாலும் அது பணக்கடன் மட்டுமே. அதற்காக ஒருவரைச் சிறையில் போடவோ இன்னொரு தோட்டத்துக்கு விலைபேசவோ முடியாது. ஆகவே பழையதற்கு 'கட்டு முன்பணம்' என்றோ 'ஆள்கட்டு முன்பணம்' என்றோ எழுதி, 'முற்பணம்' என்ற சொல்லை இன்றைய வழக்குக்கு விட்டுவைப்பது தெளிவாக இருக்கும் என்பது என் கருத்து. பிரெஸ்ட் மணிக்கும் அதே 'ஆள்கட்டு முன்பணம்' பொருந்தும். பிரெஸ் கேங்குக்கு 'ஆள்பிடிப் படை' என்று எழுதலாம்.

கடைசியாக ஒன்று. ஆங்கில ஆவணங்களில் டீ, யூ, என், டீ, யூ என்ற எழுத்துகளில் ஒரு சொல் அடிக்கடி வரும். அதை 'டுண்டு' என்றும் 'தண்டு' என்றும் எழுதிவிட்டு, பொருள் விளங்காமல் பக்கத்தில் கேள்விக்குறி போட்ட பிரதிகள் இருக்கின்றன. அது நம் துண்டுதான். தமிழிலிருந்து துரைமாரின் ஆங்கிலத்துக்குள் போன சொல். திரும்பி வரும்போது அதைத் துண்டு என்றே எழுதவேண்டும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.